கக்கத்துச் செதில்

தோக்பே பிறந்த குலத்துக்கு ஓ என்று பெயர். அவ்வளவுதான், ஒரே எழுத்து. சீன எழுத்தில் எழுதினால் மீன் என்று பொருள். கடைத்தெருவில் நின்று கிம் என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். ஈ என்று கூப்பிட்டால் மீதிப் பாதி. ஓ என்று கூப்பிட்டால் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். கூப்பிட்டவர் காலில் கல் தடுக்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

மீன் என்கிற பெயர் எப்படி வந்தது என்பதை அவனுடைய அப்பா, சுங்ஜுவில் தச்சு வேலை செய்தவர், இரண்டு கோப்பை சோஜு சாராயம் உள்ளே போனதும் சொல்வார். ஆதியில் அவர்கள் பெயர் ஜி, அதாவது குளமாம். அந்தக் குளத்து வீட்டில் ஒரு பிள்ளை கக்கத்தில் செதிலோடு பிறந்ததாம். அந்தக் காலத்துக் கோர்யோ நாட்டு ராஜா அவனைக் கூப்பிட்டுக் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாராம். "நீ குளம் இல்லப்பா, மீன்" என்று சொல்லிப் பெயரை மாற்றிவிட்டாராம்.

"வேற ஏதாவது நல்ல பேராக் கேட்டிருக்கலாமேப்பா? புலி, டிராகன்னு?"

"ராஜா முன்னாடி கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறப்ப பேரம் பேச முடியுமாடா?"

தோக்பே கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அப்பாவிடம் போய் அழுதான். பெரியவனானால் வரும் என்றார் அப்பா. காத்திருந்தான். பெரியவனானதும் வந்தது, முடிதான்.

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு மீன்வடை என்று பட்டப்பெயர். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். அவனுக்கு வேறொரு தொல்லை இருந்தது. பயந்தாலோ பதறினாலோ விக்கல் வந்துவிடும். அதுவும் பெயரைச் சொல்லும்போது சரியாக ஓவுக்கும் தோக்பேக்கும் நடுவில்தான் வரும். அவர்கள் பேச்சில் ஆமாம் என்பதை அலட்சியமாகச் சொன்னாலும் அதே ஓ தானே. கூட்டாளியிடம் சொல்லலாம், தம்பியிடம் சொல்லலாம். பெரியவர்களிடம் சொன்னால் பல் போகும்.

பட்டாளத்தில் சேர்ந்த அன்று வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவனாகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார் ஒரு சார்ஜன்ட். இம்ஜின் ஆற்றங்கரை, தை மாதக் குளிர், மூக்கு உறைந்து கிடந்தது.

"பேரு!"

"ஓ…" விக்கல்.

"என்னது?"

"ஓ…" மறுபடி விக்கல்.

"டேய், நான் என்ன உங்கூடக் கோலி ஆடினவனா? பேரக் கேட்டா ஓ, ஆன்னு சலிச்சுக்கிறே! சிப்பாய் இன்னார்னு கத்துடா!"

"சிப்பாய்! ஓ…"

அடுத்த நிமிஷம் தண்டனையாக மொத்த வரிசையும் பனியில் தலையை முட்டுக்கொடுத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வில்லாக வளைந்து கிடந்தது. பக்கத்தில் கிடந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்கய்யான்னு சொல்லித் தொலையேண்டா, சனியனே" என்றான். சரிங்கய்யா என்பது என் பெயர் இல்லையே என்று தலைகீழாகக் கிடந்தபடி சொன்னான் தோக்பே. கடைசியில் சார்ஜன்ட் குனிந்து சட்டையில் தைத்திருந்த பெயரைப் படித்தார்.

"மீனா?"

"மீன்தாங்கய்யா."

சார்ஜன்டின் முகம் கொஞ்சம் மாறியது. "என் பேரு மா. குதிரை. இத்தன வருஷமா கனைக்கச் சொல்லி என்னையத்தான் எல்லாரும் பாடாப்படுத்துறாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்." தன் கைக்குட்டையை எடுத்து அவன் நெற்றியில் இருந்த பனியைத் துடைத்துவிட்டார். "நீ சமையக்கட்டுக்குப் போ. மீனுக்கு மீனப் பத்தித் தெரியாமயா போயிரும்?"

அப்படித்தான் தோக்பே சமையல்காரனானான். ஆற்றில் அதிகாரிகள் பிடித்து வரும் கெண்டையை முள்ளங்கி போட்டு, மிளகாய்த்தூள் அள்ளிப் போட்டு, கடைசியில் ஒரு பிடி கீரையைக் கிள்ளிப் போட்டு இறக்குவான். தளபதியே தட்டை நக்கினார் என்று பேச்சு. அது உண்மையோ பொய்யோ, பட்டாளத்தை விட்டு வந்தபோது தோக்பேக்கு அந்தக் குழம்பின்மேல் அசாத்திய நம்பிக்கை இருந்தது. ஊருக்குத் திரும்பவில்லை. ஆற்றங்கரையிலேயே, பாப்யோங் என்கிற கிராமத்தில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒரு வீடு சும்மா விடுவதுபோல வாடகைக்குக் கிடைத்தது. ஏன் இவ்வளவு மலிவு என்று அவன் கேட்கவில்லை. வீட்டுக்காரரும் சொல்லவில்லை.

வாசலுக்கு மேலே ஒரு பெரிய பலகை வைத்தான். பலகையில் வாயைப் பிளந்தபடி, வாலைச் சுழற்றியபடி, செதில் செதிலாக மினுங்கும் ஒரு கெண்டை. கீழே, 'ஓ வீட்டுக் கெண்டைக் குழம்பு.'

முதல் நாள் யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கடையைத் தாண்டிப் போகிற பெண்கள் பலகையைப் பார்த்ததும் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தி அழைத்துப் போனார்கள். சாம்பல் நிறத் தொப்பி வைத்த ஒரு பெரியவர் மட்டும் தினமும் காலையில் வந்து, கடைக்கு முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளைய ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். எவ்வளவு மரியாதை தெரிந்த ஊர் என்று தோக்பேக்கு உள்ளம் குளிர்ந்தது. வாசலுக்கு ஓடிவந்து அவரைவிட ஒரு சாண் தாழ்வாகக் குனிந்து பதிலுக்குக் கும்பிட்டான். பெரியவர் அவனைப் பார்த்து முகம் சுளித்தார். இன்னும் தாழக் குனிய வேண்டும்போல என்று அவன் நினைத்துக்கொண்டான்.

விஷயத்தை உடைத்தவள் இப்புன். முன்சான் பேருந்தின் கண்டக்டர். நீல உடுப்பும் சாய்த்து வைத்த குல்லாயுமாகப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, பேருந்தின் விலாவில் ரெண்டு தட்டுத் தட்டி "ரைட், போலாம்!" என்று அவள் கத்தினால் அக்கரையில் நாய் குரைக்கும். வாரக்கணக்கில் ஈயோட்டும் கடையைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. பேருந்து நின்றதும் படியில் நின்றபடியே கேட்டாள்.

"ஏங்க முதலாளி, எந்தத் தைரியத்துல இங்க வந்து இந்தக் கடையப் போட்டீங்க?"

"குழம்புல காரம் அதிகமோங்க?"

"சாப்பிட்டாத்தானே காரம் தெரியும்! இது பாப்யோங். இந்த ஊர்ல எந்தக் கல்லத் தூக்கினாலும் அடியில ஒரு யூன் இருப்பான். நானும் யூன். யூன் குலத்துல யாரும் கெண்டையத் தொட மாட்டோம். எங்க தளபதிப் பாட்டனக் காப்பாத்தினதே கெண்டைதான்."

பேருந்துக்குள் இருந்தவர்கள் சன்னலுக்குச் சன்னல் தலையை நீட்டினார்கள்.

"எதிரி துரத்திட்டு வந்தான்யா," என்றார் ஒருவர். "பாட்டன் ஆத்தங்கரையில மாட்டிக்கிட்டாரு. பாலமும் இல்ல, படகும் இல்ல. அப்ப கெண்டையெல்லாம் கூட்டமா வந்து முதுகோட முதுகு ஒட்டிப் பாலம் போட்டுக் குடுத்துச்சு."

"குதிரையோடயா போனாரு?" என்றான் தோக்பே, சமையல்காரனின் கணக்கில் கெண்டையின் எடையை யோசித்தபடி.

"குதிரையோடதான்."

"குதிரைய முன்னாடியே விட்டுட்டாரு," என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

"யாருய்யா அது? குதிரை இல்லாமத் தளபதி எப்படிப் போவாரு?"

"நீ பாத்தியா?"

"உங்க கிளைவழிக்காரங்களே இப்படித்தான், எதையும் கொறச்சுச் சொல்லுவீங்க!"

டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். இப்புன் விலாவில் தட்டினாள். குதிரைச் சண்டையோடு பேருந்து கிளம்பிப் போனது. தோக்பே நிமிர்ந்து பலகையைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெரியவர் இத்தனை நாளும் கும்பிட்டது அவனை இல்லை, கெண்டையை. இவன் குறுக்கே வந்து குனிந்து குனிந்து அந்தக் கும்பிடுகளையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

அன்றே பெயின்ட் வாங்கி வந்தான். கெண்டையின் செதிலை எல்லாம் கருப்பு பூசி மறைத்தான். வாயோரத்தில் இரண்டு முழ நீளத்துக்கு மீசை இழுத்தான். 'ஓ வீட்டுக் கெளுத்திக் குழம்பு' என்று மாற்றி எழுதினான். மறுநாள் காலையில் தொப்பிப் பெரியவர் வந்தார். பலகையை நெடுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார்.

"பெரியவரே, அது கெளுத்திங்க," என்றான் தோக்பே.

"மீசை வெச்சுட்டா எனக்கு அடையாளம் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார் பெரியவர். "பாவம், அதுவே மாறுவேஷத்துல நிக்குது. நீ எதுக்குக் காட்டிக் குடுக்கிறே?"

அவர் பெயர் யூன் கிசோப். ஊரில் குலத்துப் பெரியதனம் பார்ப்பவர். மூதாதையர் சடங்கு என்றால் யார் எந்த வரிசையில் நிற்க வேண்டும், எந்தப் பழம் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். இப்புனின் அப்பாவும் அவரேதான்.

கெளுத்திக்கு ஊரில் யாரும் கடன்பட்டிருக்கவில்லை. அதனால் கடை மெல்லப் பிடித்துக்கொண்டது. மதிய நடையில் பேருந்து கொஞ்ச நேரம் நிற்கும். இப்புன் வந்து ஒரு கிண்ணம் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் போவாள். கொஞ்ச நேரம் என்பது நாளடைவில் நீண்டது. டிரைவர் ஹாரன் அடிப்பார். பயணிகளில் அவசரக்காரர்கள் நடந்தே போனார்கள்.

"என் வலையில கெண்டை மாட்டினாத் திரும்ப ஆத்துலயே விட்டுடறேங்க," என்றான் ஒருநாள்.

"நெசமாவா?"

"உங்க தலைமேல சத்தியமா."

"என் தலை எதுக்கு? உங்க தலையில பண்ணுங்க," என்றாள். ஆனால் அன்றைக்குச் சோற்றை இன்னொரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டாள்.

இலை பழுக்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு மதியம் அவள் சாப்பிட இறங்கவில்லை. படியிலேயே நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"முதலாளி! எங்கப்பா எனக்கு மாப்பிள்ளை பாக்கிறாரு. பல் டாக்டரோட தம்பியாம். வேல வெட்டி ஒண்ணும் இல்ல, அண்ணன் பல் டாக்டருங்கிறதுதான் வேல. எனக்கு வேணாம். நீங்க என்னக் கட்டிக்கிறீங்களா, மாட்டீங்களா? பஸ் கெளம்பணும், சீக்கிரம் சொல்லுங்க."

தோக்பே சொல்ல நினைத்தது இது: ஓ தோக்பே மாதிரி ஒரு மீன்காரன் உங்களுக்குப் பொருத்தமில்லைங்க. வாயில் வந்தது:

"ஓ…"

விக்கல். டிரைவருக்கு அதற்குமேல் பொறுமையில்லை. பேருந்து கிளம்பிவிட்டது. சன்னல்களிலிருந்து கைதட்டல் கேட்டது. பேருந்து கடைசி நிறுத்தத்துக்குப் போய்ச் சேருவதற்குள், மீன்காரன் தயங்காமல் ஒரே வார்த்தையில் சம்மதித்துவிட்டான் என்ற செய்தி ஆறு கிராமங்களில் இறங்கிவிட்டது. தோக்பே அடுப்படியில் உட்கார்ந்து, விக்கல் நிற்க மூச்சைப் பிடித்துக்கொண்டே யோசித்துப் பார்த்தான். யோசிக்க யோசிக்க, விக்கல் தன்னைவிட விவரமானது என்று தோன்றியது.

திரும்பும் நடையில் இப்புன் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ரொம்ப சந்தோசம். ஆனா இனிமே எங்கிட்ட மொட்டையா ஓன்னு சொல்லாதீங்க. ஆமாங்கன்னு சொல்லணும்."

"ஆமாங்க," என்றான் தோக்பே.

மறுநாள் காலை கிசோப் பலகையைக் கும்பிட்டுவிட்டு நேராக உள்ளே வந்து உட்கார்ந்தார். தொப்பியை மேசைமேல் வைத்தார். அது நல்ல சகுனம் இல்லை.

"எந்த ஊரு ஓ?"

"சுங்ஜு ஓங்க, பெரியவரே."

"மீனு."

"மீனுதாங்க."

"மீனா இருந்துக்கிட்டு மீன வெட்டிக் கொதிக்க வெக்கிறியே, உனக்கு ஒரு மாதிரி இல்ல?"

"மா சார்ஜன்ட் ஒருத்தரு இருந்தாருங்க. குதிரை. அவரு ரேஸுக்குப் போயி குதிரமேலதான் பணம் கட்டுவாரு."

கிசோப் அந்தப் பதிலை ஒதுக்கி வைத்தார். "அந்தக் காலத்துல குலப்பேரே இல்லாம இருந்தவங்க, பின்னாடி காசக் குடுத்துக் குலத்தையும் பாட்டனையும் சேத்து வாங்கினாங்க. உங்க பாட்டனும் அப்படி வாங்கலைன்னு நான் எப்படி நம்புறது?"

"பெரியவரே, காசு குடுத்து வாங்கறவன் மீனையா வாங்குவான்? கிம்முன்னோ ஈன்னோ வாங்கியிருக்க மாட்டானா? உங்க யூனக்கூட வாங்கியிருக்கலாமே!"

அந்தக் கேள்வி நியாயமாக இருந்தது. அதனாலேயே கிசோப்புக்குக் கோபம் அதிகமானது. எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார்.

"உங்க ஆளுங்களுக்குக் கக்கத்துல செதில் இருக்கும்னு சொல்வாங்க. அறுவடைத் திருநாளுக்கு முன்னாடி முன்சானுக்குக் குளிக்கப் போறேன். நீயும் வா. பாத்துடலாம்."

அறுவடைத் திருநாளுக்கு முந்தின நாள் முன்சான் பொதுக் குளியலகத்தில் எள் போட்டால் எள் விழாது. சுற்றுவட்டார ஆண்கள் அத்தனை பேரும் புது உடுப்புக்கு முன்னால் பழைய அழுக்கை இறக்கி வைக்க வந்திருந்தார்கள். ஆவி சூழ்ந்த வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை மூழ்கி, சிவந்த தலைகள் வரிசையாக மிதந்தன. மூலையில் ஒரு பலகைமேல் ஆட்களைப் படுக்கப் போட்டு உரசித் தேய்த்துக்கொண்டிருந்தார் பி. அவருடைய குலப்பெயர் பி. தோல் என்று பொருள். "பேருக்குத் தகுந்த பொழப்பு" என்று யாராவது சொன்னால், முதுகில் ஒரு இழுப்பு அதிகமாக இழுத்துவிடுவார்.

தொட்டியில் கிசோப்புக்கு எதிரே தோக்பே இறங்கினான். இருவரும் அம்மணமாக, மிகுந்த மரியாதையோடு ஒருவருக்கொருவர் வணங்கிக்கொண்டார்கள்.

"தூக்கு," என்றார் கிசோப்.

"எல்லாரும் பாக்கிறாங்க, பெரியவரே."

"ராஜா முன்னாடி உங்க பாட்டன் தூக்கலையா? தூக்கு."

தோக்பேக்குச் சுருக்கென்றது. "உங்க ஆதி பாட்டனும் குளத்துல மிதந்து வந்த கல்லுப்பெட்டியில இருந்தவராமே. விலாவெல்லாம் செதிலாம். இப்புன் சொன்னா. நீங்களும் தூக்குங்களேன்."

அங்கே மிதந்த தலைகளில் பாதி யூன் தலைகள். ஒரு தலை மெல்லத் தன் விலாவைக் குனிந்து பார்த்தது. பக்கத்துத் தலை அதைப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் தொட்டியில் இருந்த யூன்கள் எல்லாரும் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, ஒருவர் விலாவை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க வாங்க, இது செதிலா பாருங்க."

"அது அம்மைத் தழும்பு சித்தப்பா."

பி தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கத்தினார்: "யோவ், வருஷம் பூரா எல்லாரும் எங்கிட்டத்தானே வந்து படுக்கிறீங்க? எவனுக்காவது செதில் இருந்தா நான் தேச்சுத் தள்ளியிருக்க மாட்டேன்?"

அந்தச் சமயத்தில்தான் கிசோப் தோக்பேயின் கையை எட்டிப் பிடித்துத் தூக்கினார். குனிந்து பார்த்தார். மூக்கு முட்டப் பார்த்தார். இரண்டு விரலால் எதையோ தொட்டார்.

"இருக்கு!"

தொட்டியே அவர்கள் பக்கம் நகர்ந்தது. தோக்பேயின் வலது கக்கத்து முடியில், கட்டைவிரல் நகம் பெரிசுக்கு, பொன்னும் வெள்ளியுமாக ஒரு செதில் மின்னியது.

"ராஜா சொன்னது பொய்யில்ல," என்றார் கிசோப். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெந்நீர் ஆவியும் காரணமாக இருக்கலாம். "ஆயிரம் வருஷம் ஆச்சு. ரத்தம் விட்டுப் போகல பாருங்கடா! மாப்பிள்ள, நான் உங்களப் போயி சந்தேகப்பட்டேனே!"

மாப்பிள்ளை என்ற சொல் தோக்பேயின் காதில் தேனாகப் பாய்ந்தது. பேசாமல் இருந்தால் போதும். கையைக் கீழே இறக்கி, வெட்கத்தோடு சிரித்தால் போதும், இப்புன் கிடைத்துவிடுவாள். அப்பா சொன்னபடி பெரியவனானதும் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கிழவரின் முகத்தைப் பார்த்தான். தினமும் பலகையைக் கும்பிடும்போது இருக்கிற அதே முகம். முன்பு அந்தக் கும்பிட்டைத் தனக்கென்று நினைத்து வாங்கிக்கொண்டது அறியாமை. இப்போது வாங்கிக்கொண்டால் அது வேறு.

"பெரியவரே," என்றான். விக்கல். "அது என்னோடது இல்லைங்க. கெண்டையோடது."

செதில் விரலோடு வர, கிசோப் அவன் கையை விட்டுவிட்டார்.

"கெளுத்திக்குச் செதில் கெடையாது," என்றார் மெதுவாக. "அப்ப நீ திருட்டுத்தனமா…"

"கொல்லலைங்க! காலையில வலையில ஒண்ணு மாட்டிச்சு, என் தொடை தண்டி. கையில நிக்கல, வழுக்கிச்சு. கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடு ஆத்துக்கு நடந்துபோயி விட்டுட்டு வந்தேன். அப்ப ஒட்டியிருக்கும்."

"கெண்டையக் கக்கத்துல வெச்சுக்கிட்டு நடந்தானாம்! யாருக்கிட்டக் கதை விடறே?"

தொட்டியின் மறுகோடியிலிருந்து ஒரு சிவந்த தலை பேசியது. "கதை இல்ல பெரியப்பா. நான் காலை பஸ்ஸுல இருந்தேன். பாலத்துமேல பஸ்ஸ நிறுத்திட்டு நாங்க எல்லாரும் பாத்தோம். மார்பளவு தண்ணியில ஒரு மீனக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிறான். அது வாலால இவன் மூஞ்சியில பளார் பளார்னு அறையுது. நம்ம இப்புன் மேல நின்னு கத்துது, 'மெதுவா, மெதுவா, வயித்த அழுத்தாதீங்க'ன்னு."

"நானும் பாத்தேன்," என்றது இன்னொரு தலை. "விட்டதுக்கப்புறம் அது போகல. திரும்பி வந்து இன்னொரு அறை குடுத்துட்டுத்தான் போச்சு."

கிசோப்பின் வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து சேர்ந்து தொட்டியில் சொட்டியது. உள்ளங்கையில் இருந்த செதிலைப் பார்த்தார், தோக்பேயைப் பார்த்தார்.

"எங்க பாட்டன ஆத்தக் கடத்திவிட்டது கெண்டை," என்றார் கடைசியில். "அந்தக் கெண்டையத் தூக்கிட்டுப்போயி ஆத்துல விட்டவன நான் என்னன்னு சொல்லி வெரட்டுறது? செதில் இருக்கிறவனா இருந்தாக்கூட யோசிச்சிருப்பேன்." தொட்டியிலிருந்து எழுந்தார். "பல் டாக்டரு வீட்டுக்கு ஆள் அனுப்பணும். என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? வா, வந்து முதுகத் தேய்."

தோக்பே ஓடிப்போய் அவர் பின்னால் குந்தி உட்கார்ந்தான். பி தேய்க்கிற முரட்டுத் துணியைக் கையிலிருந்து கழற்றி அவனிடம் எறிந்தார். "ஒழுங்காத் தேய்யா, எனக்குக் கெட்ட பேரு வாங்கித் தராத!" அவன் தேய்த்தான். கிழவரின் முதுகு, மெலிந்து, எலும்பு எண்ணலாம்போல இருந்தது. தன் அப்பாவின் முதுகைத் தேய்த்து எத்தனை காலமாயிற்று என்று அவனுக்குத் தோன்றியது. விக்கல் நின்றுபோயிருந்தது.

பனி விழுவதற்குமுன் கல்யாணம் நடந்தது. விருந்தில் ஆறு வகைக் கறியும் அரிசிப் பலகாரமும் நூடுல்சும் இருந்தன; மீன் இல்லை. எந்த மீனைப் போட்டாலும் இரண்டு வீட்டில் ஒரு வீட்டுக்கு உறுத்தும் என்று இப்புன் சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் யூன் இப்புன்தான். குலப்பெயர் கட்டியவனோடு மாறுகிற சமாசாரம் இல்லை.

அடுத்த வருஷம் அவள் வாயும் வயிறுமானாள். கண்டக்டர் வேலையை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தாள். செய்தி கேட்டு சுங்ஜுவிலிருந்து தோக்பேயின் அம்மா வந்து இறங்கினாள். கையில் மூடி போட்ட ஒரு வாளி. வாளிக்குள் உயிரோடு ஒரு கெண்டை.

"கர்ப்பிணிக்குக் கெண்டைச் சாறு குடுக்காத வீடு நாட்டுலயே கெடையாது," என்றாள் அம்மா. "புள்ள நல்லா வளரும்."

"யூன் வீட்டுப் பொண்ணு வாயில கெண்டையா?" கிசோப் தொப்பியை மேசைமேல் வைத்தார்.

"வயித்துல இருக்கிறது ஓ புள்ள, சம்பந்தி. யூன் இல்ல. அது குடிக்கலாம்."

"புள்ள குடிக்கட்டும், நான் வேணாங்கல. எம்பொண்ணு குடிக்கக் கூடாது."

"அவ குடிக்காமப் புள்ள எப்படிக் குடிக்கும்?"

"அத ஓ வீட்டுக்காரங்கதான் யோசிக்கணும்."

வாளிக்குள் கெண்டை பளார் என்று வாலை அடித்தது. தோக்பே அம்மாவையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தான். யாராவது அவனைக் கேட்டுவிடுவார்களோ என்று விக்கல் கிளம்பியது.

கல்லாவில் இருந்த இப்புன் மேசையில் ரெண்டு தட்டுத் தட்டினாள். பேருந்தின் விலாவில் தட்டுவாளே, அதே தட்டு. எல்லாரும் வாயை மூடினார்கள்.

"எனக்கு மீனே வேணாம். மீன் வாசனைக்கே குமட்டுது, மூணு மாசமா மூக்கப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்குக் கருப்பு நூடுல்ஸ் வேணும். எங்கப்பாவுக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. இந்தாங்க, சைக்கிள எடுத்துக்கிட்டுப் போங்க."

தோக்பே சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது அம்மாவும் மாமனாரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, பல் டாக்டரின் தம்பி இப்போது யாரைக் கட்டியிருக்கிறான் என்பதைப் பற்றி ரொம்ப ஒற்றுமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாளியை யார் ஆற்றுக்குத் தூக்கிப் போனார்கள் என்று இருவருமே சொல்லவில்லை. ஆனால் கிசோப்பின் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது, அம்மாவின் பாவாடையும்தான்.

பிறந்தது பெண். பெயர் வைக்கும் பொறுப்பைக் கிசோப் எடுத்துக்கொண்டார். நல்ல நல்ல பெயராகத்தான் கொண்டுவந்தார். ஆனால் எதைச் சொன்னாலும் முன்னால் ஓவைச் சேர்த்ததும் கெட்டுப்போனது. ஒன்று 'இருட்டு' என்று ஆயிற்று. ஒன்று 'மயக்கம்' என்று ஆயிற்று. கிழவர் ஆசையாக வைத்திருந்த பெயர் மீன்வடையில் முடிந்தது. தோக்பே அதைக் கேட்டு எழுந்து வெளியே போய்விட்டான். கடைசியில் ஜின் என்று வைத்தார்கள். ஓ ஜின் என்று சேர்த்துச் சொன்னால், நல்ல மனசுக்காரி என்று பொருள் வரும்.

நல்ல மனசுக்காரிக்குத் தொட்டிலிலேயே அம்மாவின் குரல் வந்துவிட்டது. அவள் ஒரு கத்துக் கத்தினால் நிறுத்தத்தில் நின்றிருக்கும் பேருந்தை டிரைவர் எடுத்துவிடுவார்.